காட்டுத்தீ வந்தால் வீட்டில் நின்று அணைப்பதா, கிளம்பிவிடுவதா? (அஞ்செட்டி பக்கம்)

அடிவாரத்து வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டியிலிருந்து உள்ளே தள்ளி, காட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் எங்கள் மேட்டுநிலம் இரண்டு ஏக்கர். அது முடிகிற வரப்பிலேயே காடு தொடங்குகிறது. மூங்கிலும் உண்ணிச்செடியும்தான் (லாண்டானா புதர்) அதிகம்.

போன பங்குனியில் மலைமேல் தீ தெரிந்தது. வருசா வருசம் பார்க்கிற தீதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காற்று திரும்பியது. மூங்கில் கணு வெடிக்கிற சத்தம் வீட்டுக்குள் படுத்திருந்த எங்களுக்குக் கேட்டது. மனைவியையும் நான்கு வயது மகளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் தார் ரோட்டோரம் இருக்கிற சித்தப்பா வீட்டில் விட்டேன். திரும்பி வரும்போது புகையில் முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. ஒரு இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் ரோடு என்று காலால் தடவிப் பார்த்து வந்தேன்.

அம்மா வர மறுத்துவிட்டார். இரண்டு கறவை மாடு, பதினாறு ஆடு, இதை விட்டுவிட்டு எங்கே வருவது என்றார். அம்மா வராததால் அப்பாவும் நின்றார். போர்வெல் மோட்டாரைப் போட்டால் கரண்ட் இல்லை. தொட்டித் தண்ணீரைக் குடத்தில் அள்ளித்தான் ஊற்றினோம். ராகித்தாள் போர் முழுக்கப் போனது. மாட்டுக்கொட்டகையின் கீற்று ஒரு மூலையில் பிடித்தது, பிடுங்கி எறிந்துவிட்டோம். ஓட்டு வீடு தப்பியது. அப்பாவுக்கு இரண்டு காலிலும் கொப்புளம்.

நின்றதால்தான் வீடு பிழைத்தது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த ராத்திரி இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மாசி பிறந்துவிட்டது. காடு இப்போதே காய்ந்து சருகாகக் கிடக்கிறது. இந்த வருசம் வந்தால் நிற்பதா, போவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராகிக்காட்டுப் பெரியவர் எழுதியது:

தம்பி, நான் தேன்கனிக்கோட்டை பக்கம். வயது எழுபதைத் தொடப்போகிறது. என் வாழ்நாளில் இருபது தடவையாவது காட்டுத்தீயை அடித்து அணைத்திருக்கிறேன். நம்ம பக்கத்துத் தீ பெரும்பாலும் தரையோடு வருகிற தீ. சருகும் புல்லும் எரியும், முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம். பச்சைத் தழையை ஒடித்து ஊரே வரிசையாக நின்று அடித்தால் அடங்கிவிடும். நாம் போய்விட்டால் யார் வந்து அணைப்பார்கள்? எங்கள் ஊருக்கு வண்டி வருவதற்குள் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும். வண்டிக்காரர்களைக் குறை சொல்லவில்லை, பாதை அப்படி.

நம் உழைப்பெல்லாம் அந்த வீட்டிலும் கொட்டகையிலும்தான் இருக்கிறது. காப்பீடு செய்து வைத்திருக்கிறவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாம். நமக்கு அப்படியா? உங்கள் அம்மா செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

பாலக்கோடு டு மெல்போர்ன் எழுதியது:

பெரியவர் மன்னிக்க வேண்டும், நான் இதில் மாறுபடுகிறேன். பாலக்கோட்டில் பிறந்து 2008இல் ஆஸ்திரேலியா வந்தேன். வந்த அடுத்த வருசமே, 2009 பிப்ரவரி 7. அன்றைக்கு மெல்போர்னில் 46.4 டிகிரி வெயில். வடக்கிலிருந்து அனல் காற்று. அந்த ஒரு நாள் தீயில் 173 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. நான் இருந்தது நகரத்துக்குள், எனக்கு ஆபத்து இல்லை. ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது எனக்கு எதிர் மேசையில் உட்காருகிறவர் வரவில்லை. அவருடைய அண்ணன் குடும்பம் மலைப்பக்கம் இருந்தது.

இங்கே அதுவரை அரசு சொல்லிவந்ததே, "தயாராகி நின்று வீட்டைக் காப்பாற்று, இல்லையென்றால் முன்கூட்டியே கிளம்பு" என்பதுதான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1983 பிப்ரவரியில் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் வந்த தீயில் 75 பேர் இறந்தார்கள். அதில் பலரும் கடைசி நேரத்தில் காரிலோ ஓட்டமாகவோ கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டவர்கள். வீட்டில் நின்று, தீ முகப்பு (எரிந்து வருகிற முன்வரிசை) கடந்து போனபின் வெளியே வந்து சின்னச் சின்னத் தீயை அணைத்தவர்களின் வீடுகள் பல பிழைத்தன. அதனால் நிற்கலாம் என்றார்கள்.

2009இல் நிற்கலாம் என்று நம்பி நின்றவர்களே நிறையப் பேர் போய்விட்டார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயோ வீட்டை ஒட்டியோ கிடந்தார்கள். பிறகு அரச ஆணையம் உட்கார்ந்து மாதக்கணக்கில் விசாரித்தது. நிற்பது முழுக்கத் தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் சில நாட்கள் உண்டு, அந்த நாளில் எந்த வீட்டையும் நின்று காப்பாற்ற முடியாது, அன்றைக்கு ஒரே வழி விடிவதற்கு முன்பே கிளம்புவது என்று தெளிவாக வந்தது. அபாய அளவிலேயே அதற்கென்று ஒரு உச்ச நிலையைச் சேர்த்தார்கள்.

தம்பி, நீங்கள் எழுதியதில் என்னை உலுக்கியது தீ இல்லை. ரோட்டைக் காலால் தடவிப் பார்த்து வந்தேன் என்றீர்களே, அதுதான். நிற்பதை விடவும், முன்கூட்டிப் போவதை விடவும் ஆபத்தானது நடுவில் போவது.

அடிவாரத்து வீடு எழுதியது:

அண்ணா, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு நான் செய்தது அதுதான், அதுவும் இரண்டு தடவை, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. முதல் தடவை குழந்தையோடு.

ஆனால் ஒரு சந்தேகம். உங்கள் பக்கம் தீ மரத்துக்கு மரம் உச்சியில் தாவுகிறது என்கிறார்கள். பெரியவர் சொல்வதுபோல நம்முடையது தரைத்தீ. அதையும் இதையும் ஒன்றாகப் பார்க்கலாமா?

நிலையத்தில் முப்பது வருசம் எழுதியது:

நான் தீயணைப்பு மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். பெரியவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, மெல்போர்ன் தம்பி சொன்னதிலும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இலையுதிர் காட்டில் தீ பெரும்பாலும் தரையோடுதான் போகும். அது உண்மை. ஆனால் பெரியவர் இளவயதில் பார்த்த காடு இப்போது இல்லை. அப்போது மரத்தடியில் புல் இருந்தது. இப்போது ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. காய்ந்த உண்ணிச்செடி ஏணி மாதிரி, தரையில் போகிற தீயை மேலே ஏற்றிவிடும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததற்கு அங்கே மண்டிக் கிடந்த உண்ணிச்செடியும் ஒரு காரணம். மூங்கில் புதர் இருந்தால் கேட்கவே வேண்டாம். இடுப்பு உயரத் தீயைத் தழையால் அடிக்கலாம். தலைக்கு மேல் போகிற தீயின் பக்கத்தில் நிற்கவே முடியாது. நெருப்பு தொட வேண்டியதில்லை, அனலே ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்று, வீடு எப்படிப் பற்றுகிறது என்பது. தீ நேராக நடந்து வந்து சுவரைத் தொட்டு வீட்டை எரிப்பது குறைவு. பெரும்பாலும் பொறிதான். காற்றில் பறந்து வருகிற தணல் கீற்றில் விழும், வைக்கோல் போரில் விழும், ஓட்டுச் சந்தில் சேர்ந்திருக்கிற சருகில் விழும். தீ வருவதற்கு முன்பும் விழும், போனபின் மணிக்கணக்காகவும் விழும். விடிகாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது என்று படுத்தவர்களின் வீடு ஆறு மணிக்குப் பற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நிற்கிற அன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைவிட, மாசியில் என்ன செய்தீர்கள் என்பதுதான் வீட்டைக் காப்பாற்றும். சுவரை ஒட்டி ஐந்தடிக்குள் எரிகிற பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. விறகு, வறட்டி, தென்னை மட்டை, பழைய சாக்கு, எதுவும். ஓட்டின் மேல் சருகைக் கூட்டித் தள்ளுங்கள். அப்புறம் நூறடி வட்டத்தில் புல்லைச் செதுக்குங்கள். பன்றிக்காகக் காய்ந்த முள்ளை வெட்டி வேலி போடுகிறோம் இல்லையா, அது காட்டிலிருந்து வீட்டுவாசல் வரை போட்ட திரி. வீட்டுப் பக்கம் வருகிற இடத்தில் முப்பதடிக்காவது அதை அறுத்துவிடுங்கள். தாள் போரை வீட்டிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் தள்ளி, காட்டுக்கு எதிர்ப்பக்கம் போடுங்கள்.

கொள்ளு எடுத்த நிலம் சும்மாதானே கிடக்கிறது? டிராக்டரை விட்டுக் காட்டோர வரப்பை ஒட்டி நாலைந்து சால் ஓட்டிவிடுங்கள். புல் வேர் புரண்டு மண் தெரிந்தால் தரைத்தீ அங்கே நின்றுவிடும். பொறி தாண்டும், ஆனால் தீ நடந்து வராது. வனத்துறை போடுகிற தீத்தடுப்புக் கோடும் இதே கணக்குதான்.

தண்ணீர் விசயத்தில் ஏமாறாதீர்கள். தீ வந்தால் முதலில் போவது கரண்ட். மோட்டாரை நம்பி நின்றவன் கையில் குடத்தோடு நிற்பான். பிளாஸ்டிக் குழாயும் சொட்டுநீர் டியூபும் அனலில் உருகிவிடும். சிமெண்டுத் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். மருந்தடிக்கிற முதுகு ஸ்பிரேயரை நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பி வையுங்கள். பொறி அணைக்க அதைப்போல ஒன்று கிடையாது. ஈரச்சாக்கும் வேண்டும்.

பெரியவருக்கு ஒரு வார்த்தை. எதிர்த்தீ, அதாவது வருகிற தீக்கு முன்னால் நாமே தீ வைத்து எரித்துவிடுவது, அதைப் பழகியவர்கள் உங்கள் தலைமுறையில் உண்டு என்று தெரியும். வனத்துறை ஆள் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம் ஐயா. காற்று மாறினால் அதுவே இரண்டாவது தீ. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் வருசத்து வனச் சட்டப்படியே குற்றம்.

ராகிக்காட்டுப் பெரியவர் எழுதியது:

எதிர்த்தீ வைத்தது உண்டு, ஒரு தடவை கைமீறியதும் உண்டு. அதைப் பற்றி மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் புளியந்தோப்பு பாதி போனது. அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. ஆகட்டும், அதைச் செய்ய வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என்னிடம் ஐந்து எச்பி ஆயில் இன்ஜின் ஒன்று சும்மா கிடக்கிறது. டீசல் போட்டால் ஓடும். தம்பிக்குக் கிணறோ தொட்டியோ இருந்தால் சித்திரை வரை எடுத்துக்கொண்டு போகட்டும். வாடகையெல்லாம் வேண்டாம்.

சித்தேரி மலை எழுதியது:

நீங்கள் எல்லாம் அடிவாரத்துக்காரர்கள். மலைமேல் கணக்கு வேறு. தீ மேட்டைப் பார்த்து ஏறும்போது வேகம் கூடும். பத்து டிகிரி சரிவு கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடிவாரத்து வீட்டுக்குத் தீ இறங்கி வருகிறது, மெதுவாக வரும், எரிகிற கட்டை உருண்டு வருவதுதான் அங்கே ஆபத்து. சரிவின் நடுவில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கீழேயிருந்து தீ ஏறி வந்தால் தண்ணீர் எடுக்கக்கூட நேரம் இருக்காது. எங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. கீழே புகை தெரிந்தால் எல்லோரும் ஊர்நடுவில் உழுதுபோட்ட நிலத்துக்குப் போய்விட வேண்டும். வீடு போனால் போகட்டும்.

மலையில் மாட்டிக்கொண்டால் மேலே ஓடாதீர்கள், புல் மேட்டில் நிற்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிர்விட்டது காய்ந்த புல் சரிவில்தான். ஏற்கனவே எரிந்து கரியாகிவிட்ட தரை கிடைத்தால் அங்கே போங்கள். எரிந்ததே மறுபடி எரியாது.

தளி மருமகள் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வந்தேன். எல்லோரும் தீயைப் பற்றிச் சொன்னீர்கள். யானையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

"முன்கூட்டியே கிளம்பு" என்பது சொல்வதற்கு எளிது. எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் நடக்க முடியாது. காடு எரிகிற ராத்திரியில் யானை எந்தப் பக்கம் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருசத்துக்கு முன்பு எங்களையும் பைக்கில் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் கூட்டமாக நின்றன. விளக்கை அணைத்துவிட்டு, மகனின் வாயைப் பொத்திக்கொண்டு, எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்கே தெரியாது. பின்னால் தீ, முன்னால் யானை.

அன்றைக்குக் காலையிலிருந்தே மலையில் புகை தெரிந்தது. மதியம் இரண்டு மணிக்கே நான் கேட்டேன், போய்விடலாமா என்று. "அது இங்கே வராது, சும்மா பயப்படாதே" என்றார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்களே "சீக்கிரம் கிளம்பு" என்று கத்தினார்கள். போகலாம் என்று நான் சொன்னபோது வெளிச்சம் இருந்தது, பஸ் இருந்தது, பாதை இருந்தது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். நிற்பதா போவதா என்று ஆண்கள் தீயைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், மூச்சிரைப்பு இருப்பவர், இவர்கள் எல்லாம் புகை தெரிந்த அன்றைக்கே, பொழுது இருக்கும்போதே போய்விட வேண்டும். தீ வராமல் போனால் என்ன, மறுநாள் காலை திரும்பி வருவோம். உறவுக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி சாப்பிட்டதில் யாருக்கு என்ன நட்டம்?

பாலக்கோடு டு மெல்போர்ன் எழுதியது:

அக்கா, இங்கே ஆஸ்திரேலியாவிலும் இதையேதான் சொல்கிறார்கள். பத்து தடவை வீணாகக் கிளம்பினாலும் கிளம்பு என்பார்கள். ஆனால் விளக்கை அணைத்து நின்ற அந்த நேரத்தை இங்கே யாரும் அறிய மாட்டார்கள். எழுதியதற்கு நன்றி.

அரசு மருத்துவமனை செவிலியர் எழுதியது:

சுருக்கமாக மூன்று விசயம். நைலான், பாலியஸ்டர் துணி அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நிற்பவர்கள் முழுக்கை பருத்திச் சட்டை, கனமான பேண்ட், தோல் செருப்பாவது போடுங்கள். அப்பாவின் காலில் கொப்புளம் வந்தது வெறுங்காலில் நின்றதால்தான் என்று நினைக்கிறேன். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுங்கள். பேனா மை, பற்பசை, மாவு எதையும் பூசாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகத்தில் சுட்டிருந்தாலோ, குரல் கம்மினாலோ, சளியில் கரி தெரிந்தாலோ, பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். புகை தொண்டைக்குள் சுட்டிருக்கும், வீக்கம் பிறகுதான் வரும்.

அடிவாரத்து வீடு எழுதியது:

அப்பா வெறுங்காலில்தான் நின்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

நிலையத்தில் ஐயாவிடம் ஒரு கேள்வி. இதெல்லாம் செய்து முடித்து, பெண்களும் குழந்தையும் பகலிலேயே போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நானும் அப்பாவும் மட்டும். அப்போது நிற்கலாமா? எதைப் பார்த்து "இனி வேண்டாம், போ" என்று முடிவு செய்வது?

நிலையத்தில் முப்பது வருசம் எழுதியது:

கீற்றுக் கொட்டகைக்காக நிற்காதீர்கள். அதை நின்று காப்பாற்ற முடியாது. ஓட்டு வீடு, சுற்றிலும் சுத்தம், கையில் தண்ணீர், திடமான இரண்டு பேர், வெளியேற இரண்டு பாதை. இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் பகலிலேயே கிளம்புங்கள். தனியாக ஒருவர் நிற்கவே கூடாது. அப்பாவுக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. அவர் குடம் தூக்கி இரண்டு மணி நேரம் ஓட முடியுமா என்பதை மகனாக யோசிக்காமல் அந்நியனாக யோசியுங்கள்.

எல்லாம் இருந்தும் காற்று பலமாக இருக்கிற நாளில் நிற்காதீர்கள். மரத்தின் பெரிய கிளை ஆடுகிறது, தீ உண்ணிச்செடி உச்சியில் ஓடுகிறது என்றால் அது உங்களால் அணைக்கிற தீ இல்லை. பாதை மூடிவிட்டால் மட்டும், நின்றுதான் ஆக வேண்டும் என்றால், வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலை மூடுங்கள். தீ வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறையில், வெளியே போக வாசல் உள்ள அறையில் இருங்கள். குளியலறையில் போய் ஒளியாதீர்கள், பெரும்பாலும் அதற்கு ஒரே கதவு. கேஸ் சிலிண்டரை முன்கூட்டியே மூடி வெட்டவெளியில் வைத்துவிடுங்கள். தீ முகப்பு கடந்ததும் வெளியே வந்து பொறியைத் தேடுங்கள்.

புகை தெரிந்ததுமே 101க்கோ 112க்கோ சொல்லுங்கள். வனத்துறை வனவர் எண்ணையும் ஊரில் நாலு பேர் வைத்திருங்கள். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீயிடங்களைக் கண்டு குறுஞ்செய்தி அனுப்புகிறது, யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேலே எப்போதும் நிற்பதில்லை, கடந்து போகும்போது பார்த்ததைத்தான் சொல்லும். அது வரவில்லை என்பதற்காகப் படுத்துவிடாதீர்கள். கண்ணால் பார்த்த புகைதான் முதல் தகவல்.

ராகிக்காட்டுப் பெரியவர் எழுதியது:

அந்நியனாக யோசி என்று சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது. என் மகன்கள் இரண்டு பேரும் ஓசூரில் கம்பெனி வேலை. இங்கே நானும் வீட்டுக்காரியும்தான். இந்த வருசம் நான் யாரை வைத்துத் தழை அடிக்கப் போகிறேன் என்று நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருபது வீட்டில் பதினான்கு வீடு இப்படித்தான். அப்போது வரிசையாக நின்ற ஆட்கள் இப்போது இல்லை.

அடிவாரத்து வீடு எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 64. நான் அந்நியனாகத்தான் யோசித்தேன். காற்றடிக்கிற நாளில் இரண்டு பேருமே நிற்கப் போவதில்லை. காற்று இல்லாத நாளில் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் நிற்போம், அப்பா போய்விடுவார். அவர் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் செருப்பு வாங்கித் தந்தேன், போட்டுக்கொண்டார்.

கொள்ளுக்காட்டில் டிராக்டர் விட்டு ஐந்து சால் ஓட்டினோம். எங்களைப் பார்த்து வரப்பு ஒட்டியிருக்கிற மூன்று பேரும் அவரவர் நிலத்தில் ஓட்டிவிட்டார்கள், இப்போது ஊரின் பின்பக்கம் முழுக்க மண் தெரிகிறது. முள்வேலியை அறுத்தாயிற்று. போன வருசம் போர் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

அம்மாவிடம்தான் பேசவே முடியவில்லை. "நீ வா" என்று சொல்லிச் சொல்லி நான் தோற்றேன். தளி அக்கா எழுதியதை மனைவி வாசித்துக் காட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மாட்டை முதலில் அனுப்பு, நான் பின்னாடியே வருகிறேன்" என்றார். அவ்வளவுதான் விசயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சித்தப்பா வீட்டுக் கட்டுத்தறியில் இரண்டு மாட்டையும் நேற்றே கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். சித்திரையில் நல்ல மழை ஒன்று விழுகிறவரை அங்கேயே இருக்கட்டும். அம்மா காலையிலும் சாயங்காலமும் பால் கறக்க நடந்து போகிறார். ஆடுகளை வீட்டில்தான் வைத்திருக்கிறோம். அவிழ்த்துவிட்டால் உழுத நிலத்துக்கு ஓடுகிற மாதிரி பட்டியின் படலை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

பெரியவரே, தொட்டி நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போ கொண்டு வருகிறேன், ஆயில் இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். வரும்போது உங்கள் ஓட்டுமேல் இருக்கிற சருகையும் தள்ளிவிட்டு வருகிறேன். பெரியம்மாவை ஒரு ஏணி மட்டும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.